திருவாரூர் வீட்டுச் சுவரில் ஒரு மாவோ: கையெழுத்திட்ட ஸ்கிரீன் பிரிண்டுக்கு ஏலத்தில் என்ன விலை கிடைக்கும்?

ஓடம்போக்கி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். திருவாரூரிலிருந்து எழுதுகிறேன், பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். எங்கள் பெரியப்பா விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் கடைசிவரை இருந்தவர். அவர் வீட்டுக் கூடத்தில், முற்றத்தைப் பார்த்த சுவரில், ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகளாக மாவோவின் படம் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. கப்பலில் எஞ்சினியராக வேலை பார்த்த சித்தப்பா, எழுபதுகளின் தொடக்கத்தில் நியூயார்க்கில் வாங்கி வந்து, அண்ணனுக்குப் பிடிக்கும் என்று கொடுத்த படம் அது. மனித முகத்துக்கு இல்லாத நிறம் அதில் பூசப்பட்டிருந்ததால், தலைவரைக் கேலி செய்யும் படம் என்று தோழர்கள் சிலர் கழற்றச் சொன்னதும், பெரியப்பா கேட்காததும் எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை.

இப்போது வீடு பாகப்பிரிவினைக்கு வந்திருக்கிறது. தேக்குத் தூண்களையும் நிலைக்கதவையும் விலை பேச வந்த பழம்பொருள் தரகர் ஒருவர், தூணை விட்டுவிட்டு இந்தப் படத்தின் முன்னால் நின்றுவிட்டார். ஐந்து லட்சம் ரூபாய் ரொக்கமாகத் தருகிறேன், அன்றைக்கே எடுத்துப் போகிறேன் என்றார். என் மகன் இணையத்தில் தேடிப் பார்த்து, இது ஆண்டி வார்ஹோல் என்ற அமெரிக்க ஓவியருடையதாக இருக்கலாம் என்கிறான். படத்தின் நிறங்களையும் எண்ணையும் பொதுவில் எழுத வேண்டாம் என்றும் அவன் சொல்வதால் அவற்றை விட்டுவிடுகிறேன். இதற்கு உண்மையில் ஏலத்தில் என்ன மதிப்பு இருக்கும், அதை எப்படி அறிவது என்று தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

மனோரா எழுதியது:

டீச்சர், தயவுசெய்து ஐந்து லட்சத்துக்குக் கொடுத்துவிடாதீர்கள். வார்ஹோலின் மாவோ ஒன்று 2006 நவம்பரில் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 1 கோடியே 74 லட்சம் டாலருக்குப் போனது. இன்னொரு மாவோ 2015 நவம்பரில் சோதபீஸ் ஏலத்தில் 4 கோடியே 75 லட்சம் டாலருக்குப் போனது. அதை ரூபாயில் கணக்குப் போட்டுப் பாருங்கள். தேக்குத் தூண் வாங்க வந்தவர் ரொக்கம், இன்றைக்கே என்று அவசரப்படுகிறார் என்றாலே விஷயம் தெரிந்துதான் வந்திருக்கிறார்.

கல்லணைக்கால்வாய் எழுதியது:

நான் ஒரத்தநாட்டுக்காரன், லண்டனில் ஓர் ஏல நிறுவனத்தின் அச்சுப்படப் பிரிவில் சில காலம் வேலை பார்த்தேன். மனோரா சொன்ன இரண்டு விலைகளும் சரி. ஆனால் அவை இந்தப் படத்துக்குப் பொருந்தா. அந்த இரண்டும் கித்தான் துணியில் தீட்டப்பட்ட ஓவியங்கள். ஒவ்வொன்றும் ஒன்றே ஒன்று. அதே வரிசையில் நாலரை மீட்டர் உயரத்துக்கு ஒன்று வரைந்திருக்கிறார், அது சிகாகோ கலை நிறுவனத்தில் இருக்கிறது. டீச்சர் வீட்டில் இருப்பது, விவரிப்பைப் பார்த்தால், காகிதத்தில் அச்சிட்டது.

1972 பிப்ரவரியில் அமெரிக்க அதிபர் நிக்சன் சீனாவுக்குப் போனார். அந்த ஆண்டுதான் வார்ஹோல் மாவோவைக் கையில் எடுத்தார். மேற்கோள்கள் அடங்கிய சிவப்புக் கையடக்கப் புத்தகத்தின் முகப்பில் இருந்த படமே அவருக்கு மூலம். அதிலிருந்து பத்து அச்சுப்படங்கள் கொண்ட தொகுப்பு ஒன்றை காஸ்டெல்லி கிராஃபிக்ஸும் மல்டிபிள்ஸ் நிறுவனமும் சேர்ந்து வெளியிட்டன. நியூயார்க்கின் ஸ்டைரியா ஸ்டுடியோ அச்சிட்டது. பத்துப் படங்களிலும் முகம் ஒன்றுதான், நிறங்கள் மட்டுமே வேறு. ஒவ்வொரு படத்திலும் 250 தாள்கள், அவை தவிர ஓவியருக்கான படிகள் 50. ஆக, பத்துக்கும் சேர்த்து ஏறக்குறைய மூவாயிரம் தாள்கள் உலகில் புழங்குகின்றன. 4 கோடி டாலருக்கும் இதற்கும் இடையே உள்ள தூரம் அங்கேதான் இருக்கிறது.

கையெழுத்து முன்பக்கத்தில் இருக்காது, டீச்சர். இந்தத் தொகுப்பில் வார்ஹோல் பின்பக்கத்தில் பால்பாயிண்ட் பேனாவால் கையெழுத்திட்டார். 250இல் எத்தனையாவது தாள் என்ற எண்ணை ரப்பர் முத்திரையால் குத்தினார்கள். ஓவியருக்கான படிகளில் மட்டும் எண்ணும் பேனாவாலேயே எழுதப்பட்டிருக்கும். இவை தவிர, 1972 என்ற ஆண்டும் அச்சகத்தின் பெயரும் கொண்ட பதிப்புரிமை முத்திரையும் பின்னால் இருக்க வேண்டும். தாளின் அளவு 36 அங்குலத்துக்கு 36 அங்குலம், அதாவது பக்கத்துக்கு 91.4 சென்டிமீட்டர். படம் விளிம்பு வரை போகும், வெள்ளை ஓரம் விடப்பட்டிருக்காது. பின்பக்கத்தைப் பார்க்காமல் யார் விலை சொன்னாலும் அது வெறும் பேச்சு.

ஒன்றை மட்டும் இப்போதே விலக்கிவிடலாம். 1973 இல் ஸ்டாக்ஹோமுக்கான ஒரு தொகுப்புக்காக அவர் மாவோவை ஜெராக்ஸ் இயந்திரத்தில் எடுத்து 300 படிகள் வெளியிட்டார். அது தட்டச்சுத் தாள் அளவே இருக்கும். கூடத்துச் சுவரை நிறைத்த படம் அதுவாக இருக்க முடியாது.

குடந்தைப் பட்டறை எழுதியது:

கும்பகோணத்தில் ஸ்கிரீன் பிரிண்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகையும் மஞ்சப்பையும்தான் என் பிழைப்பு. வார்ஹோல் செய்ததும் இதே தொழில்தான் என்பதால் நானும் சொல்கிறேன். சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணியில், வெளிச்சம் பட்டால் இறுகும் எமல்ஷன் பூசி, ஃபிலிமை வைத்து வெளிச்சம் காட்டி, கழுவினால் படம் இருக்கும் இடம் மட்டும் திறந்துகொள்ளும். ஸ்குயீஜி என்ற ரப்பர் பட்டையால் இங்கை இழுத்தால் அந்த வழியாக மட்டும் காகிதத்தில் இறங்கும். ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனி ஸ்கிரீன்.

போஸ்டரா, அசல் ஸ்கிரீன் பிரிண்டா என்று பார்க்கப் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று போதும். ஆப்செட்டில் அடித்த போஸ்டர் என்றால், முகத்தின் நிறமே நான்கு வண்ணப் புள்ளிகள் பூப்போலக் கூடி உண்டாகியிருக்கும். ஸ்கிரீன் பிரிண்டில் நிறம் வழித்துப் பூசியது போல முழுமையாக இருக்கும், புள்ளி தெரியாது. ஆனால் கண், மூக்கு, நிழல் வரும் கறுப்புப் பகுதி போட்டோவிலிருந்து எடுத்தது. அங்கே புள்ளிகள் இருந்தால் பயப்பட வேண்டாம். இன்னொன்று, விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால், ஒரு நிறத்தின் மேல் இன்னொரு நிறம் ஏறிய இடத்தில் இங்க் கொஞ்சம் மேடிட்டுத் தெரியும். விரலால் தடவிப் பார்க்க வேண்டாம். கண்ணால் பார்த்தாலே போதும்.

கண்ணாடியோடு தாள் ஒட்டிக்கொண்டிருந்தால் மட்டும் இழுக்கவே இழுக்காதீர்கள். நம் ஊர் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் இங்க் கண்ணாடியில் போய் ஒட்டிக்கொள்வதைப் பல வீட்டுப் படங்களில் பார்த்திருக்கிறேன்.

ஓடம்போக்கி எழுதியது:

பொறுமையாக விளக்கிய எல்லோருக்கும் நன்றி. நேற்று, ஃபிரேம் போடுபவரை வீட்டுக்கே வரவழைத்து, கட்டிலில் வெள்ளைத் துணி விரித்து, பின்பக்கத்துப் பிளைவுட்டைப் பிரித்தோம். கண்ணாடியில் ஒட்டியிருக்கவில்லை, ஒரு மூலையில் மட்டும் மெல்லிய பளபளப்பு விழுந்திருக்கிறது. பின்பக்கத்தில் பேனாக் கையெழுத்து இருக்கிறது. /250 என்று முடியும் முத்திரை எண் இருக்கிறது. ஆண்டும் அச்சகத்தின் பெயரும் கொண்ட முத்திரை சற்றுச் சாய்வாக விழுந்திருக்கிறது. விளக்கைச் சாய்த்துப் பிடித்தபோது, பேனாவை அழுத்தி எழுதியதால் ஏற்பட்ட தடம் முன்பக்கத்திலும் இலேசாகத் தெரிந்தது. லென்ஸில் நிறங்கள், குடந்தைப் பட்டறை ஐயா சொன்னபடியே, புள்ளியில்லாமல் இருக்கின்றன.

சொல்ல வருத்தமாக இருக்கும் செய்திகளும் உண்டு. சட்டத்தின் விளிம்புக்குள் மறைந்திருந்த அரை சென்டிமீட்டர் அகலத்துக்கு நிறம் அடர்த்தியாக இருக்கிறது. முற்றத்து வெளிச்சம் பட்ட மற்ற இடமெல்லாம் அதைவிட ஒரு படி வெளுத்திருக்கிறது. பின்னால் பிளைவுட் பட்ட இடங்களில் மரத்தின் ரேகை பழுப்பாகப் படிந்திருக்கிறது. கீழ் மூலையில் ராமபாணப்பூச்சி மேலாகச் சுரண்டியிருக்கிறது, ஓட்டை விழவில்லை. அகலம் 91.4 சென்டிமீட்டர் சரியாக இருக்கிறது. உயரம் இடப்பக்கம் 90.8, வலப்பக்கம் 90.9. கீழ் விளிம்பு மற்ற மூன்றைப் போல இல்லாமல் கத்தி பட்டது போல இருக்கிறது.

சித்தப்பாவின் டிரங்குப் பெட்டியில் தேடியபோது, பாதி அழிந்த ரசீது ஒன்று கிடைத்தது. கடையின் முகவரி, ஓவியரின் பெயர், 1973 என்ற ஆண்டு மூன்றும் படிக்க முடிகிறது. படத்தின் கீழே பெரியப்பா உட்கார்ந்திருக்கும் கறுப்பு வெள்ளைப் புகைப்படம் ஒன்றும் இருக்கிறது.

கல்லணைக்கால்வாய் எழுதியது:

டீச்சர், இவ்வளவு ஒழுங்காகத் தகவல் தருபவர்கள் லண்டனில்கூடக் குறைவு. நீங்கள் எழுதியதைப் பார்த்தால், தாள் 1972 ஆம் ஆண்டுத் தொகுப்பைச் சேர்ந்தது என்று நம்புவதற்குப் போதிய காரணம் இருக்கிறது. விலையைப் பற்றி இனிப் பேசலாம்.

முதலில் உண்மைத்தன்மை. வார்ஹோல் 1987 இல் இறந்தார். அவருடைய படைப்புகளைச் சரிபார்க்க 1995 இல் ஒரு குழு அமைக்கப்பட்டது. அந்தக் குழு ஏற்காத படைப்பின் பின்னால் மறுக்கப்பட்டது என்று முத்திரை குத்திவிடும். வழக்குகளும் செலவும் பெருகவே, 2012 இல் அது கலைக்கப்பட்டது. ஆகவே இன்று இது அசல்தான் என்று முத்திரை குத்தித் தரும் அலுவலகம் எதுவும் இல்லை. யாராவது அப்படிச் சான்றிதழ் வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்டால் தள்ளி நில்லுங்கள். ஏல நிறுவனங்கள் ஃபெல்ட்மனும் ஷெல்மனும் தொகுத்த அச்சுப்படப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கின்றன. மாவோ அதில் இரண்டாம் பகுதியில் 90 முதல் 99 வரையிலான எண்களில் இருக்கிறது. அளவு, காகிதம், முத்திரை, கையெழுத்து இருக்கும் இடம் எல்லாம் அதோடு ஒத்துப்போக வேண்டும். அதற்குப் பிறகு, நிலத்துக்கு மூலப்பத்திரம் எப்படியோ அப்படி, படம் கைமாறி வந்த வழியைக் காட்டும் தாள்களைக் கேட்பார்கள். அந்தப் பாதி அழிந்த ரசீதும் பெரியப்பாவின் புகைப்படமும் உங்களிடம் இருப்பது பெரிய பலம். கையெழுத்தைப் போலி செய்துவிடலாம். 1973 ஆம் ஆண்டின் ரசீதையும், திருவாரூர்க் கூடத்தில் அதே சட்டத்தோடு எடுத்த பழைய புகைப்படத்தையும் சேர்த்துப் போலி செய்வது எளிதன்று.

அடுத்து, எதை எதோடு ஒப்பிடுவது. மாவோ என்று தேடினால் கித்தான் ஓவியம், தனித்தாள், பத்தும் ஒரே எண்ணில் சேர்ந்த முழுத்தொகுப்பு, பிற்காலப் போஸ்டர் எல்லாம் ஒரே பட்டியலில் வரும். பத்தும் ஒரே எண்ணில் இருந்தால், தனித்தனியாக விற்றுக் கூட்டும் தொகையை விட அதிகம் கிடைக்கும். உங்களுடையது தனித்தாள். நல்ல நிலையில் உள்ள தனித்தாள் கடந்த ஆண்டுகளில் பெரும்பாலும் ஐந்து இலக்க டாலரில்தான் விலைபோயிருக்கிறது. பத்து நிறச் சேர்க்கைகளில் சிலவற்றை எல்லோரும் கேட்பார்கள், சிலவற்றை அவ்வளவாகக் கேட்க மாட்டார்கள்; அந்த வேறுபாடும் சிறியதன்று.

மூன்றாவது, இணையத்தில் காணும் விலையில் என்ன அடங்கியிருக்கிறது என்பது. நடிகர் டென்னிஸ் ஹாப்பரிடம் இதே 1972 தொகுப்பின் மாவோ ஒன்று இருந்தது. ஓர் இரவில் சுவரில் இருந்த படத்தைப் பார்த்து மாவோவே நிற்பதாக மிரண்டு, துப்பாக்கியால் இருமுறை சுட்டுவிட்டார். வார்ஹோல் அதைப் பார்த்து ரசித்து, இரண்டு ஓட்டைகளையும் வட்டமிட்டு, ஒன்றை எச்சரிக்கைச் சூடு என்றும் மற்றதைக் குண்டுத் துளை என்றும் குறித்துக் கொடுத்தார். ஹாப்பர் இறந்த பிறகு, 2011 ஜனவரியில் கிறிஸ்டீஸ் அதை ஏலம் விட்டது. மதிப்பீடு 20,000 முதல் 30,000 டாலர்; அறிவித்த விலை 3,02,500 டாலர். ஆனால் ஏலத்தை முடிக்கும் சுத்தியல் விழுந்தது இரண்டரை லட்சத்தில். அன்றைய விதிப்படி முதல் 50,000 டாலருக்கு 25 சதவீதமும் மீதிக்கு 20 சதவீதமும் வாங்குபவர் ஏல நிறுவனத்துக்குக் கட்ட வேண்டிய பிரீமியம். அந்த 52,500 விற்றவருக்குப் போகவில்லை. மதிப்பீடு எப்போதும் பிரீமியம் இல்லாமல் எழுதப்படும், செய்தியில் வரும் விலை பிரீமியத்தோடு வரும். இரண்டையும் ஒப்பிட்டு, மதிப்பீட்டைத் தாண்டிவிட்டது என்று மகிழ்பவர்கள் ஏராளம்.

இனி உங்கள் தாளின் நிலை. நிறம் வெளுத்ததும், பின்பக்கப் பழுப்பும், பூச்சி சுரண்டியதும் விலையைக் குறைக்கும். ஆனால் ஐம்பது ஆண்டு பழைய தாள்களில் எதிர்பார்க்கக்கூடியவைதான். எனக்குக் கவலை தருவது கீழ் விளிம்பு. விளிம்பு வரை அச்சான தாளில் அரை சென்டிமீட்டர் போனால் படமே அவ்வளவு போய்விட்டது என்று பொருள். அந்தக் காலத்து ஃபிரேம்காரர் கையில் இருந்த கண்ணாடிக்குத் தாளைப் பொருத்துவதற்காக வெட்டியிருப்பார். இது டெல்டாவில் மட்டுமன்று, எல்லா ஊரிலும் நடந்ததுதான். ஏலப் பட்டியலில் கீழ் விளிம்பு வெட்டப்பட்டது என்று ஒரு வரி வந்தாலே, சேகரிப்பாளர்களில் ஒரு பகுதியினர் விலகிவிடுவார்கள். கறையை நிபுணர் ஓரளவு எடுத்துவிடலாம், வெட்டியதை யாரும் ஒட்ட முடியாது.

மனோரா எழுதியது:

கல்லணைக்கால்வாய், ஒரு கேள்வி. துப்பாக்கிக் குண்டு துளைத்த தாளுக்குப் பத்து மடங்கு விலை கிடைத்தது என்று நீங்களே சொல்கிறீர்கள். கத்தி பட்ட தாளுக்கு மட்டும் ஏன் விலை குறைய வேண்டும்? தோழர்கள் கழற்றச் சொல்லியும் கழற்றாத பெரியப்பாவின் கதைக்கு மதிப்பில்லையா?

கல்லணைக்கால்வாய் எழுதியது:

ஓட்டைக்கு விலையில்லை. ஓட்டையைச் சுட்டவர் ஹாப்பர் என்பதற்கும், வார்ஹோல் தம் கையால் அதைச் சுற்றிக் கோடு போட்டார் என்பதற்கும்தான் விலை. திருவாரூர் ஃபிரேம்காரரின் வெட்டுக்கு வார்ஹோல் வட்டம் போட்டிருந்தால் நானே கடன் வாங்கி வந்து ஏலம் கேட்பேன்.

பெரியப்பாவின் கதை வேறு விதத்தில் உதவும். ஏலப் பட்டியலில் படம் வந்த வழியை எழுதும் இடத்தில் அதை இரண்டு வரியில் சேர்க்கச் சொல்லுங்கள். நியூயார்க்கில் வாங்கப்பட்டு, கீழத்தஞ்சைச் சங்கத் தோழர் ஒருவர் வீட்டில் மாவோ என்ற காரணத்துக்காகவே ஐம்பது ஆண்டு தொங்கிய வார்ஹோல் இன்னொன்று இருக்குமா என்று தெரியவில்லை. வாங்குபவரை அது ஒரு முறை நின்று பார்க்க வைக்கும். ஆனால் விலையைப் பத்து மடங்காக்காது.

சீனப் பணக்காரர்கள் போட்டி போடுவார்கள் என்றும் சிலர் சொல்வார்கள். 2013 இல் வார்ஹோலின் பெரிய கண்காட்சி ஷாங்காய்க்கும் பெய்ஜிங்குக்கும் போனபோது மாவோ படங்கள் மட்டும் சேர்க்கப்படவில்லை. ஹாங்காங்கில் வாங்குபவர்கள் உண்டு. பெருநிலச் சீனாவை நம்பி விலை கட்ட வேண்டாம்.

மேலவீதி எழுதியது:

தஞ்சாவூரில் பழைய ஓவியங்கள் வாங்கி விற்கும் குடும்பம் எங்களுடையது. படத்தை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியுமா என்பதை யாரும் கேட்கவில்லையே என்று எழுதுகிறேன். தொல்பொருள், கலைச் செல்வங்கள் சட்டம் வந்தது 1972 இல். இந்தப் படமும் அதே ஆண்டுதான். நூறு ஆண்டு கடந்த ஓவியத்தையோ சிற்பத்தையோ தனியார் ஏற்றுமதி செய்ய அந்தச் சட்டம் இடம் தராது. எங்களிடம் வரும் பழைய தஞ்சாவூர் ஓவியங்கள் பல அதனால்தான் நாட்டைத் தாண்டிப் போக முடியாது. வயது குறைவாக இருந்தாலும், ரவி வர்மா, ஜாமினி ராய் போன்று அரசு பட்டியலிட்ட ஓவியர்களுடைய படைப்புகளுக்கும் அதே தடை. வார்ஹோல் அந்தப் பட்டியலில் இல்லை, தாளுக்கு நூறு வயதும் ஆகவில்லை. சட்டத்தில் தடை இல்லை. ஆனாலும் சுங்கத்தில் பழைய பொருளோ என்று நிறுத்திக் கேட்கக்கூடும். ஆகவே இது தொல்பொருள் அன்று என்று தொல்லியல் துறையிடம் சான்று வாங்கி வைத்துக்கொள்வது பின்னால் வரும் தலைவலியைக் குறைக்கும்.

தரகர்களைப் பற்றியும் ஒரு சொல். தூண் வாங்க வந்தவர் படத்துக்கு விலை சொன்னால், அந்த விலை தூணோடு சேர்ந்த விலை. இரண்டையும் ஒரே ஆளிடம் பேசாதீர்கள்.

காரைக்கால் கணக்கர் எழுதியது:

வரி வழக்குகள் பார்ப்பவன் என்ற முறையில் கையில் என்ன நிற்கும் என்பதை மட்டும் சொல்கிறேன். ஒரு கணக்குக்காக, சுத்தியல் 40,000 டாலரில் விழுந்தது என்று வைத்துக்கொள்வோம். பிரீமியம் 26 சதவீதம் என்றால் வாங்குபவர் 50,400 கட்டுவார். செய்தியிலும் அதுதான் வரும். விற்பவரிடம் 10 சதவீதம் கமிஷனும் 1.5 சதவீதம் காப்பீடும் பிடித்தால் 35,400. இதிலிருந்து பெட்டி கட்டும் செலவும் விமானச் சரக்குக் கட்டணமும் போக வேண்டும். கமிஷன் விகிதம் பேசிக் குறைக்கக்கூடியதே. அதைப் பேசாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

வரி விஷயத்தில் ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. வீட்டுச் சாமான் விற்றால் வரியில்லை என்பார்கள். ஓவியம், வரைபடம், சிற்பம் போன்ற கலைப்பொருள்கள் அந்த விலக்குக்குள் வராது. மூலதன ஆதாயமாகக் கணக்கிடப்படும். வாரிசாக வந்ததற்கு வரி கிடையாது, எஸ்டேட் டியூட்டி 1985 இலேயே போய்விட்டது. விற்கும்போதுதான் வரி. 2001 ஏப்ரல் 1க்கு முன்பே குடும்பத்துக்கு வந்த சொத்து என்பதால், சித்தப்பா கொடுத்த விலைக்குப் பதிலாக அந்தத் தேதியில் இருந்த சந்தை மதிப்பை அடக்க விலையாக எடுத்துக்கொள்ளலாம். அதற்குப் பதிவு பெற்ற மதிப்பீட்டாளரின் அறிக்கை வேண்டும். 2024 ஜூலை 23 முதலான விற்பனைக்கு நீண்டகால ஆதாய வரி 12.5 சதவீதம், பணவீக்கச் சரிக்கட்டல் இல்லை. பங்காளிகள் எத்தனை பேரோ அத்தனை பங்காகப் பிரித்து, அவரவர் கணக்கில் காட்ட வேண்டும். ஆகவே பாகப்பிரிவினைப் பத்திரத்தில் இந்தப் படத்தையும் பெயர் சொல்லி எழுதிவிடுங்கள். பல வீடுகளில் பத்திரத்தில் நிலமும் நகையும் இருக்கும், சுவரில் தொங்கியது மட்டும் விட்டுப்போயிருக்கும்.

தரகரின் ரொக்கத்தைப் பற்றி ஒன்று. ஒரே விற்பனைக்கு இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டப்படி தடை உண்டு. வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் விழக்கூடும். மதிப்பின் கணக்கிலும் அது நிற்காது: டாலருக்கு 85 ரூபாய் என்று போட்டாலும் ஐந்து லட்சம் ஆறாயிரம் டாலருக்கும் குறைவு.

குடந்தைப் பட்டறை எழுதியது:

படத்தை இப்போது எங்கே வைத்திருக்கிறீர்கள், டீச்சர்? பழைய பிளைவுட்டை மறுபடி அடைக்க வேண்டாம். அந்தப் பழுப்பு அதிலிருந்துதான் வந்தது. அமிலமற்ற அட்டை சென்னையில் கிடைக்கும். அது வரும்வரை சுத்தமான பருத்தித் துணிக்கு நடுவில் தட்டையாக, வெயில் படாத அறையில், தரையிலிருந்து உயர்த்தி வையுங்கள். பீரோவில் பாச்சை உருண்டை போட்டு வைக்காதீர்கள், உருண்டை தாளைத் தொட்டால் கறை விழும். யாராவது பிரெட்டால் துடைக்கலாம், ஈரத்துணியால் ஒற்றலாம் என்று சொன்னால் கேட்க வேண்டாம். குழாயில் சுருட்டியும் அனுப்ப வேண்டாம். அந்தத் தடிமனுக்கு இங்க் இறங்கிய தாளை ஐம்பது ஆண்டு கழித்துச் சுருட்டினால் இங்க் வெடித்துவிடும்.

ஓடம்போக்கி எழுதியது:

இங்கே சொன்னபடி முன்பக்கம், பின்பக்கம், நான்கு மூலை, முத்திரை, வெட்டுப்பட்ட விளிம்பு, ரசீது ஆகியவற்றைப் பகல் வெளிச்சத்தில் படமெடுத்து, இரண்டு வெளிநாட்டு ஏல நிறுவனங்களின் அச்சுப்படப் பிரிவுகளுக்கு மகன் அனுப்பினான். ஒன்றிலிருந்து பதில் இல்லை. மற்றொன்று, நேரில் பார்த்த பிறகே உறுதி செய்வோம் என்ற குறிப்போடு, 25,000 முதல் 35,000 டாலர் என்று மதிப்பீடு தந்திருக்கிறது. வெட்டுப்படாமல் இருந்தால் இதைவிட நன்றாக உயர்த்தியிருப்போம் என்றும் எழுதியிருக்கிறார்கள். அதற்குக் கீழே விற்கக் கூடாது என்ற குறைந்தபட்ச விலையை 20,000 என்று வைக்கச் சொல்கிறார்கள். நான் 25,000 கேட்கலாமா?

தரகர் இதற்குள் பன்னிரண்டு லட்சத்துக்கு வந்துவிட்டார். பெரியப்பாவின் மகன் விற்கவே கூடாது என்கிறார், மற்ற மூவரும் விற்கலாம் என்கிறோம். மற்றவர்களுடைய பங்குக்கான தொகையை அவரே கொடுத்துப் படத்தை வைத்துக்கொள்ள விரும்பினால், அதற்கும் இந்த மதிப்பீட்டை அடிப்படையாகக் கொள்ளலாமா?

காரைக்கால் கணக்கர் எழுதியது:

கொள்ளலாம், ஆனால் மதிப்பீட்டின் நடுத்தொகையை அப்படியே எடுக்காதீர்கள். ஏலத்துக்குப் போனால் உங்கள் கையில் வருவதைத்தான் எடுக்க வேண்டும். கீழ்மதிப்பான 25,000இல் சுத்தியல் விழுந்து 10 சதவீதக் கமிஷன் போனால் 22,500. 85 ரூபாய்க் கணக்கில் 19 லட்சத்துச் சொச்சம். காப்பீடு, சரக்குச் செலவு, வரி இவற்றைக் கழித்து அண்ணனுடன் உட்கார்ந்து பேசுங்கள். ஏலத்தின் இடர்ப்பாடு எதுவும் இல்லாமல் கிடைக்கும் பணம் என்பதால், மற்ற மூவரும் கொஞ்சம் விட்டுக்கொடுப்பதே நியாயம்.

மனோரா எழுதியது:

அண்ணன் வைத்துக்கொள்ளட்டும் என்பது என் கட்சி. நாலு கோடியே எழுபத்தைந்து லட்சத்தில் தொடங்கிய நான் இருபத்தையாயிரத்துக்கு இறங்கிவிட்டேன். தரகரும் ஐந்திலிருந்து பன்னிரண்டுக்கு ஏறிவிட்டார். இன்னும் ஒரு மாதம் பொறுத்தால் அவரே ஏல நிறுவனம் சொன்ன இடத்துக்கு வந்துவிடுவார்.

கல்லணைக்கால்வாய் எழுதியது:

வரமாட்டார். இருபத்தையாயிரத்துக்கு வாங்கி இருபத்தையாயிரத்துக்கு விற்க அவர் எதற்குத் திருவாரூர் வரை வர வேண்டும்?

டீச்சர், குறைந்தபட்ச விலை கீழ்மதிப்பைத் தாண்டக் கூடாது என்பது பொது விதி. 25,000 என்றால் விதிக்குள் அடங்கும், கேட்பதில் தவறில்லை. ஆனால் நான் உங்கள் இடத்தில் இருந்தால் 20,000க்கு ஒப்புக்கொள்வேன். குறைந்த விலையில் தொடங்கினால் இரண்டு மூன்று பேர் கை தூக்குவார்கள், கை தூக்கியவர்கள் எளிதில் விலக மாட்டார்கள். அதிகம் வைத்து விலைபோகாமல் திரும்பினால், அந்தச் செய்தி விலைப் பட்டியல் தளங்களில் நிற்கும். அதே வெட்டுப்பட்ட தாள் அடுத்த ஆண்டு மறுபடி வந்தால், ஏற்கெனவே யாரும் எடுக்காதது என்று பேசுவார்கள். வெட்டு இல்லாத தாளாக இருந்தால் வேறு ஆலோசனை சொல்லியிருப்பேன்.

ஒப்பந்தத்தில் நான்கு இடங்களைப் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். விலைபோகாவிட்டால் உங்களிடம் கட்டணம் உண்டா, திருப்பி அனுப்பும் செலவு யாருடையது. நேரில் பார்த்த பின் மதிப்பீட்டைக் குறைத்தால் கட்டணமின்றி நீங்கள் பின்வாங்கலாமா. எந்த ஏலத்தில், எந்த மாதத்தில் வைப்பார்கள். வாங்கியவர் பணம் கட்டாவிட்டால் என்ன செய்வார்கள். இணையத்தில் மட்டும் நடக்கும் சிறிய ஏலத்தை விட, வசந்த காலத்திலோ இலையுதிர் காலத்திலோ நியூயார்க்கில் நடக்கும் அச்சுப்பட ஏலத்தில் வைக்கச் சொல்லிக் கேளுங்கள். வார்ஹோல் தாள்கள் நான்கைந்து ஒன்றாக வரும் ஏலத்துக்கு வார்ஹோல் வாங்குபவர்கள் வருவார்கள். பெட்டியில் அடைக்கும் முன் எண்ணும் கீழ் விளிம்பும் ஒன்றாகத் தெரியும்படி, அளவுகோலை வைத்து, தேதியோடு ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஏற்றுமதித் தாள்களின் நகல் ஒன்று உங்களிடம் இருக்க வேண்டும். விலைபோகாமல் திரும்பி வந்தால், போனதும் வந்ததும் ஒரே தாள் என்று சுங்கத்தில் காட்ட அது மட்டுமே உதவும்.

ஓடம்போக்கி எழுதியது:

20,000க்கே ஒப்புக்கொள்வதாக அவர்களுக்கு எழுதிவிட்டோம், அண்ணனுக்கு யோசிக்க இரண்டு வாரம் கொடுத்திருக்கிறோம். அதற்குள் அவர் தொகையைக் கட்டினால் படம் இங்கேயே இருக்கும், இல்லாவிட்டால் அடுத்த நியூயார்க் ஏலத்துக்குப் போகும். தூண்களுக்கு மட்டும் வேறொரு ஆளிடம் விலை கேட்டோம். மேலவீதி ஐயா சொன்னது சரிதான், முதல் தரகர் சொன்னதைவிட அவர் அதிகம் சொல்கிறார்.